அப்பாவின் துப்பாக்கிக்குக் கடைக்காரர்கள் ஏன் நல்ல விலை சொல்வதில்லை?

கேள்வி: என் தாத்தா வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். நாடு விடுதலை அடைந்த சமயத்தில் ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) இரட்டைக்குழல் துப்பாக்கி, பின்னர் என் அப்பாவின் பெயரில் உரிமம் பெற்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்’ என்று பெயர் பொறித்தது. தோல் பெட்டியும் துடைக்கும் கோல்களும் உண்டு. அடிப்பக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் இயக்கப் பகுதி இரண்டும் தனித்தனியாகக் கையோடு வந்துவிடும். அப்பா எட்டு மாதங்களுக்கு முன் காலமானார். எனக்குத் துப்பாக்கி தேவையில்லை என்பதால் காரில் எடுத்துச் சென்று இரண்டு கடைகளில் காட்டினேன். ஒருவர் பதினெட்டாயிரம் தருவதாகச் சொன்னார். இன்னொருவர், “இப்படி ஓரமா வச்சிட்டுப் போங்க, ஆள் வந்தா சொல்றேன்” என்றார். தொலைபேசியில் பேசிய மூன்றாவது கடைக்காரர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். இதே வகைத் துப்பாக்கி லண்டன் ஏலத்தில் நாலாயிரம் பவுண்டுக்குப் போயிருப்பதை இணையத்தில் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர், “காகிதமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று இரண்டு லட்சம் ரொக்கம் தர முன்வருகிறார். கடைக்காரர்கள் என்னை ஏமாற்றுகிறார்களா? நூறு வருடப் பழமையான பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்களே, அது உண்மையா? பீரோவில் பதினோரு தோட்டாக்களும், முன்கட்டில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள ஐயா, தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் விலையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உரிம வழக்குகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வரும் வழக்கறிஞர் என்ற முறையில், அந்தத் துப்பாக்கி இன்று உங்கள் வீட்டில் இருப்பதைப் பற்றித்தான் நான் முதலில் பேசியாக வேண்டும். விலைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு போகப்போக விளங்கும்.

துப்பாக்கி உரிமம் வீட்டுப் பத்திரத்தைப் போல வாரிசுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. அது ஒரு மனிதருக்கு வழங்கப்பட்ட அனுமதி. அவர் மறைந்த நாளோடு அந்த அனுமதியும் முடிந்துவிடுகிறது. உரிமப் புத்தகத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதம் இருப்பதாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது உங்களுக்குப் பொருந்தாது. இப்படிச் சட்டப்படி வைத்திருக்கும் தகுதி அற்றுப்போன ஆயுதத்தையும் தோட்டாக்களையும் வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21-ஆவது பிரிவில் சொல்கிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று ஆகிவிட்டது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தந்தை இறந்த துக்கத்தில் எட்டு மாதங்கள் ஓடிவிட்டதை அதிகாரிகளும் புரிந்துகொள்வார்கள். தானாக முன்வந்து ஒப்படைக்கும் வாரிசைக் குற்றவாளியாக நடத்துவது வழக்கமில்லை. ஆனால் அதைக் காரில் வைத்துக் கடை கடையாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது வழியில் ஒரு வாகனச் சோதனையில் பிடிபட்டிருந்தால், அதே அதிகாரிகளிடம் சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. இனி அதை எக்காரணம் கொண்டும் நீங்களாக வெளியே எடுத்துச் செல்லாதீர்கள்.

நாளையே செய்ய வேண்டியது ஒரு கடிதம் எழுதுவதுதான். தந்தையின் பெயர், உரிம எண், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் உள்ள தனி அடையாள எண், துப்பாக்கியின் வரிசை எண், அவர் மறைந்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, துப்பாக்கியையும் பதினோரு தோட்டாக்களையும் இன்ன ஆயுத விற்பனையாளரிடம் ஒப்படைக்க விரும்புகிறேன், அங்கே எடுத்துச் செல்ல வழிகாட்டுங்கள் என்று மாவட்ட ஆட்சியருக்கும் உங்கள் காவல் நிலைய ஆய்வாளருக்கும் எழுதி, இரு இடங்களிலும் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழின் நகலையும் உரிமத்தின் நகலையும் இணையுங்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்றால் அதையும் இப்போதே தொடங்குங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமிருந்து ஆட்சேபமில்லை என்ற கடிதம் பிறகு தேவைப்படும், அதிலும் வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து அது வந்து சேர நாளாகும்.

காவல் நிலையமா, கடையா என்று கேட்டால், செலவானாலும் கடை என்பதே என் கருத்து. நிலையத்துக் கிடங்கில் தேர்தல் காலத்தில் ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளும் வழக்குச் சொத்துகளும் ஒன்றாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்து ஈரத்தில் குழலுக்கு எண்ணெய் போடவோ, கட்டையில் பூஞ்சை படியாமல் துடைக்கவோ அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நல்ல கடைக்காரர் மாத வாடகை வாங்கிக்கொண்டு அதைச் செய்வார். ஆனால் “ஓரமா வச்சிட்டுப் போங்க” என்று சொன்னவரிடம் மட்டும் வேண்டாம். ரசீது இல்லாமல் ஒரு துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது, வைத்துவிட்டு வர உங்களுக்கும் உரிமை கிடையாது. முறையான கடைக்காரர் அதைத் தம் பதிவேட்டில் ஏற்றி, தயாரித்த நிறுவனம், போர், வரிசை எண், குழலின் நீளம், பெட்டி, துணைப் பொருள்கள் எல்லாவற்றையும் எழுதி ரசீது கொடுப்பார். அந்த ரசீதுதான் இனிமேல் உங்கள் சொத்துக்கான ஆதாரம்.

இந்த ஒப்படைப்பு விற்பனைக்கும் வழி திறக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதே 21-ஆவது பிரிவு, ஒப்படைத்தவரோ அவர் இறந்துவிட்டால் அவருடைய சட்டப்படியான வாரிசோ, விதிகள் குறிக்கும் காலத்துக்குள், அந்த ஆயுதத்தை வைத்திருக்கத் தகுதியுள்ள வேறொருவருக்கு விற்கவும், விற்ற பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் இடம் தருகிறது. அதாவது உங்கள் பெயரில் உரிமம் வாங்கிய பிறகுதான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலம் கடந்தால் மாவட்ட நடுவராகிய ஆட்சியர் ஆணையிட்டு அதை அரசுடைமையாக்க முடியும் என்பதால், ஒப்படைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. எந்தத் தேதிவரை அவகாசம் என்பதை ரசீது வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி விலைக்கு வருகிறேன். கடைக்காரர்கள் உங்களை ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். லண்டன் விலைக்கும் கோவை விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் துப்பாக்கியில் இல்லை, வாங்குபவரின் உரிமப் புத்தகத்தில் இருக்கிறது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள்வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. வாரிசு உரிமையாக வரும் துப்பாக்கிக்கும் இந்த வரம்பு பொருந்தும். மூன்றாவதை வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் அதைக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அப்படி வெளியே வந்தவற்றில் பெரும்பாலும் யாரும் இனிப் பயன்படுத்தாத பழைய 12 போர் துப்பாக்கிகள்தான் இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். மறுபுறம், வாங்க வருபவருக்கு இருப்பதோ இரண்டே இடம். தற்காப்புக்காக உரிமம் பெற்றவர் அந்த இடத்தைக் கைத்துப்பாக்கிக்குத்தான் கொடுப்பார். வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன கதை. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவர் இரு குழல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த புதிய துப்பாக்கியைத் தேடுவார். எஞ்சியிருப்பது காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் வைத்திருக்கும் தோட்டக்காரர். அவருக்கு வேலை செய்கிற துப்பாக்கி போதும், வேலைப்பாடு உள்ளது தேவையில்லை. ஆகவே சொந்தக் காசைப் போட்டு வாங்கி, எப்போது விற்கும் என்று தெரியாமல் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்போகிற கடைக்காரர் பதினெட்டாயிரம் சொன்னது அவர் பார்வையில் நியாயமே. மூன்றாமவர் மறுத்ததற்குக் காரணம் நீங்கள் உரிமம் முடிந்த துப்பாக்கியைப் பற்றித் தொலைபேசியில் பேசியதாகக்கூட இருக்கலாம். அவரும் தம் வணிக உரிமத்தைக் காப்பாற்ற வேண்டியவர்.

இதே காரணங்களால்தான் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் நிலை நேர்மாறாக இருக்கிறது. 1980-களின் நடுவில் தனிநபர் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, அதற்கு முன் சட்டப்படி வந்தவற்றுக்கு இங்கே வெளிநாட்டை விடப் பல மடங்கு விலை கிடைக்கிறது. அந்த விலைகளைக் கேள்விப்பட்டுவிட்டுத்தான் பலரும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கும் அப்படிக் கிடைக்கும் என்று நம்பிக் கடைக்கு வருகிறார்கள்.

லண்டனுக்கே அனுப்பி ஏலத்தில் விடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். அது நடக்காது. ஆயுத ஏற்றுமதிக்குத் தனி உரிமம் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் கைவினைச் சிறப்பும் உள்ள பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் வரக்கூடும். அவ்வாறு வந்தால் மத்திய அரசையும் அது அதிகாரம் அளித்த அமைப்புகளையும் தவிர வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.

நூறு வருடமானால் உரிமம் தேவையில்லை என்று உங்களுக்குச் சொன்னவர் அமெரிக்கச் சட்டத்தைப் படித்திருக்க வேண்டும். அங்கே 1898-ஆம் ஆண்டு வரை தயாரானவற்றைக் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகக் கருதி விலக்கு அளிக்கிறது. நம் ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு வயதை மட்டும் பார்ப்பதில்லை. வழக்கொழிந்த மாதிரியாகவோ தொன்மை மதிப்பு உள்ளதாகவோ பழுதுபட்டதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. தோட்டா போட்டால் சுடும் உங்கள் துப்பாக்கிக்கு நூறு வயதானாலும் இருநூறு வயதானாலும் உரிமம் வேண்டும். முன்கட்டில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கியின் கதையும் இதேதான். குழல் அடைந்து, பொறி உடைந்து, இனி எந்தக் கொல்லனாலும் சரி செய்ய முடியாத நிலை என்றால் அது அலங்காரப் பொருள். ஆனால் அதை முடிவு செய்யும் இடத்தில் நீங்களோ நானோ இல்லை. ஆட்சியருக்கு எழுதும் கடிதத்திலேயே அதையும் சேர்த்துக் குறிப்பிட்டு, பரிசோதித்துச் சான்று தருமாறு கேளுங்கள்.

ரொக்கம் தருவதாகச் சொல்லும் நண்பரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: அவரிடம் இனி இது குறித்துப் பேசவே வேண்டாம். காகிதமில்லாமல் ஆயுதத்தை விற்பதற்கு 2019 திருத்தம் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. அந்தத் துப்பாக்கி நாளை எந்தக் குற்றத்தில் அகப்பட்டாலும் அதன் வரிசை எண் உங்கள் தந்தையின் பெயரைத்தான் காட்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பதினெட்டாயிரத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் விவரித்திருப்பது சாதாரணத் துப்பாக்கி இல்லை. பர்மிங்காமில் 1812-இல் தொடங்கிய வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சன், டீலி என்ற இருவர் 1875-இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கி இயக்க அமைப்பைத்தான் பின்னாளில் உலகெங்கும் பல நிறுவனங்கள் பின்பற்றின. கையாலேயே கழற்றி எடுக்கும்படி அதன் இயக்கப் பகுதியை மாற்றியமைத்தது 1890-களின் இறுதியில். காட்டு முகாமில் விசைவில் (ஸ்பிரிங்) ஒன்று உடைந்தால், கைக்கருவி எதுவும் இல்லாமல் பழையதை எடுத்துவிட்டு உபரியாகக் கொண்டுவந்ததைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதால் இந்திய சமஸ்தான மன்னர்களும் தோட்டத் துரைமார்களும் இதை விரும்பி வாங்கினார்கள். அந்த மூடியைத் திறந்து பார்த்தால், வெளியே தெரியாத உள்பாகங்கள்கூடப் பழைய சுவிஸ் கடிகாரத்தின் உட்புறம் போல மெருகிடப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் ‘பழைய பன்னிரண்டு போர்’ என்று கணக்கில் எழுதிவிடும் கடைகள் உண்டு. ஆகவே கடைக்கு விற்காதீர்கள். கடையின் வழியாக விற்றுத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் தம் பணத்தை முடக்க வேண்டாம், நீங்கள் அவசர விலைக்குக் கொடுக்க வேண்டாம். விற்கும்போது அவருக்குத் தரகு.

ஒப்படைக்கும் நாளன்றே, கடைக்காரரின் மேசைமேல், அவர் கையாலேயே துப்பாக்கியைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவர் என்றால் முதலில் குழலுக்கு அடியில் உள்ள மரப்பகுதியான முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, அடிப்பகுதியில் உள்ள கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டுவார். கணீரென்று ஒலி நீண்டால் இரு குழல்களையும் சேர்க்கும் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. மொத்தென்று அடங்கினால் எங்கோ விட்டிருக்கிறது. பிறகு குழல்களை விளக்கொளிக்கு நேரே பிடித்து உள்ளே துருக்குழிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். குழல்களின் கீழ்ப்புறத்தில் தட்டையாக உள்ள இடத்தில் சோதனைச் சாலை முத்திரைகள் இருக்கும். பர்மிங்காம் முத்திரைகளில் மகுடத்தின் கீழ் ‘என்பி’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்ட குழல் என்று பொருள். அலை அலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் குழலாக இருந்து அந்த முத்திரையும் இல்லை என்றால், அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்க்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. குழல் வெடித்தால் பிடித்திருப்பவரின் இடக்கை போய்விடும். நல்ல எஃகுக் குழல் என்றாலும்கூட, பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் தோட்டா அமரும் அறையின் நீளம் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்கு உரியதன்று. வீட்டில் இருக்கும் பதினோரு தோட்டாக்களும் எந்தக் காலத்தவை என்று தெரியாது, அவற்றை ஒப்படைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழல், உடற்பகுதி, முன்கட்டை ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கே எழுதுங்கள். இத்தகைய பழைய நிறுவனங்கள் எந்த ஆண்டில், யாருக்காகச் செய்தார்கள் என்ற பேரேட்டைக் காத்து வைத்திருப்பவை. முதலில் வாங்கியவரின் பெயர் தெரிந்த துப்பாக்கிக்கும் தெரியாததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. தோல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் தாள், உள்ளே இருக்கும் எண்ணெய்க் குப்பி, கோல்கள் எதையும் தனியே பிரித்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு கெடுதலையும் இங்கே சொல்லியாக வேண்டும்: விற்பதற்கு முன் பளபளப்பாக இருக்கட்டும் என்று குழலுக்குப் புதிதாகக் கருநிறம் ஏற்றுவதும், கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிப்பதும், தேய்ந்த சித்திர வேலையை மறுபடி வெட்டுவதும். சேகரிப்பவர் தேடுவது நூறு ஆண்டு கைபட்டு வந்த அந்தப் பழைய நிறத்தைத்தான். ஒரு முறை தேய்த்தெடுத்துவிட்டால் அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. என் கண்முன்னே இப்படிப் பாதி மதிப்பை இழந்த துப்பாக்கிகளைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடைக்காரரோடு செய்யும் ஏற்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச விலை, தரகு விகிதம், வாடகையை யார் கட்டுவது, உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிப் பழுதுபார்ப்போ மெருகோ செய்யக் கூடாது என்பது, இத்தனை மாதங்களுக்குள் விற்காவிட்டால் வேறு கடைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். பணம் வங்கிக் கணக்கு வழியாகவே வரட்டும். கோவையோடு நின்றுவிடாமல் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் கடைகளுக்கும் படங்களை அனுப்பச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கியை அடையாளம் காணும் வாடிக்கையாளர்கள் பெருநகரக் கடைகளுக்கே வருகிறார்கள். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் குடகு இருப்பதையும் மறக்க வேண்டாம். அங்குள்ள கொடவர்களுக்கும் ‘ஜம்மா’ எனும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. கைல்போதுத் திருவிழாவில் துப்பாக்கியை வைத்து வழிபடும் அந்தச் சமூகத்தில் நல்ல வேலைப்பாட்டை மதிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் குடகைச் சேர்ந்தவரானாலும் ஹைதராபாத்தைச் சேர்ந்தவரானாலும், அவருடைய உரிமமோ விலக்குச் சான்றோ அசலாகப் பரிசோதிக்கப்பட்டு, மாநில எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்லும் அனுமதியும் கைக்கு வந்த பிறகே துப்பாக்கி கடையைவிட்டு நகர வேண்டும்.

விற்க மனமில்லாமல் போனாலும் வழி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமதாரர் இறந்த பிறகு அவருடைய வாரிசு அதே துப்பாக்கிக்காக உரிமம் கேட்டு விண்ணப்பிக்க இடம் தருகின்றன. மற்ற வாரிசுகளின் சம்மதமும் காவல்துறை விசாரணையும் உண்டு. உரிமம் கிடைத்த பின் நீங்களே ஒரு தனிநபருக்கு நேரடியாக விற்க நினைத்தால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். அவசரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது, நிறுவனத்தின் பேரேட்டுத் தகவல் வரும்வரை கடையில் வைப்பாக இருக்கட்டும், அதன் பிறகு முடிவெடுங்கள் என்பதே. பேரேட்டில் என்ன பெயர் இருந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள். விலை குறித்து அப்போது இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.